என் கத்தி போய்வந்த நான்கு வீடுகள்

நர்சரியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஐந்து பேருக்கும் வணக்கம்.

என் முப்பத்தோரு வருட வேலையைப் பற்றி உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொல்லி முதலாளியின் மகள் கேட்டாள். எனக்குத் தமிழில்தான் எழுத வரும் என்றேன். ஐந்து பேரில் நான்கு பேர் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள், ஐந்தாமவருக்கு மற்றவர்கள் படித்துச் சொல்வார்கள் என்றாள். அந்த ஐந்தாமவர் யாரென்று தெரியவில்லை. அவரிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

உரம் எந்தக் கிழமை, மருந்து எத்தனை மூடி என்பதெல்லாம் ஸ்டோர் கதவில் ஒட்டியிருக்கிறது. அதைத் திரும்ப எழுதப் போவதில்லை. கதவில் ஒட்டாத ஒன்றைத்தான் எழுதுகிறேன். அது நான் செய்த தப்பு. யாரும் ஏன் ஒட்டவில்லை என்பது புரிந்திருக்கும்.

நான் இந்த வேலைக்கு வருவதற்கு முன் மலாக்காவில் செலண்டார் பக்கத்துத் தோட்டத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களின் அடியில் மருந்தடித்துக்கொண்டிருந்தேன். புல்லைச் சாகடிப்பதற்கான மருந்து. பத்து வருடம் சாகடித்தவளை ஆர்கிட் செடியைப் பிழைக்க வைக்க வேலைக்கு எடுத்தார் எங்கள் சீன முதலாளி. தவுக்கே என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். மருந்துப் போத்தலைப் பார்த்துப் பயப்படாத ஆள் வேண்டும் என்பது அவர் கணக்கு. எனக்கு நிழலில் வேலை வேண்டும் என்பது என் கணக்கு.

முதலில் ஒரு சின்னக் கதையைச் சொல்லிவிடுகிறேன். பெரிய தப்பு அதிலிருந்துதான் முளைத்தது.

செடியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்கள். "பிள்ளை மாதிரி பாத்துக்கிறேன்." அதைக் கேட்டவுடனே வேர் அழுகிப் போயிருக்கும் என்று முடிவு செய்துகொள்ளலாம். ஆர்கிட்டைப் பிள்ளை மாதிரி பார்த்தால் செத்துப்போகும். அதற்குக் கொஞ்சம் அலட்சியம் வேண்டும்.

ஜாசினிலிருந்து ஒருவர் வந்தார். போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய செடியின் இலைகள் எல்லாம் சுருங்கித் தோல் மாதிரி தொங்கின. தாகத்தில் இருக்கிறது என்று காலை, மதியம், மாலை மூன்று வேளையும் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். ஊற்ற ஊற்ற இலை சுருங்கியது. சுருங்கச் சுருங்க ஊற்றினார். சட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். கரியும் செங்கல் துண்டும் இருக்க வேண்டிய இடத்தில் தோட்டத்துக் கறுப்பு மண்ணைப் போட்டு அழுத்தியிருந்தார். வேரில் பாதி கையோடு வந்தது. தண்ணீர் நிறைய இருந்தது, குடிக்கத்தான் வாய் இல்லை. இலை தாகமாகத் தெரிந்ததற்கு அதுதான் காரணம்.

அழுகிய வேரை வெட்டி, கரித்துண்டில் வைத்து, "பத்து நாளைக்குச் சும்மா விட்டுடுங்க சார்" என்றேன்.

"மருந்து?"

"மருந்து வேணாம் சார்."

அவர் நகரவில்லை. மருந்து தராத டாக்டரை யாருக்கும் பிடிக்காது. இப்படியே அனுப்பினால் வீட்டுக்குப் போனவுடன் ஹோஸைத் திறப்பார் என்று முகத்திலேயே தெரிந்தது. சமையலறைக்குப் போய்க் கறிக்குப் போடும் பட்டையைப் பொடித்து, வெட்டுவாயில் கொஞ்சம் தடவி, மீதியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். "ரொம்ப ஸ்ட்ராங்கான மருந்து சார். இதுமேல பத்து நாளைக்குத் தண்ணி பட்டா விஷமாயிடும்."

செடி பிழைத்தது. அவர் ஜாசின் முழுவதும் போய், நர்சரியில் ஓர் அக்கா இருக்கிறார், அவர் கை குளிர்ச்சியான கை, தொட்டால் பிழைக்கும் என்று சொல்லிவிட்டார். என் கைராசியின் ஆரம்பம் அதுதான். ரகசியம் ஹோஸை மூடி வைத்தது. ஆனால் அதை யாரிடமும் சொல்லும் அவசியம் எனக்கு வரவில்லை. புகழ் வரும்போது திருத்தம் சொல்லிக்கொண்டா இருப்பார்கள்?

அந்த ஆளிடமிருந்து நான் படித்த பாடம், செடிக்கு வரும் நோயில் பாதிக்கு மேல் செடியை வைத்திருப்பவரிடம் இருக்கிறது என்பது. நல்ல பாடம்தான். இன்றைக்கும் அது சரி. ஆனால் அதை நான் கொஞ்சம் அதிகமாகப் படித்துவிட்டேன்.

கைராசி பரவினால் என்ன நடக்கும் என்று உங்களில் தமிழ் வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். முதல் செங்கல் எடுத்து வைக்க, குழந்தைக்கு முதல் முடி எடுக்க, கடை திறந்தால் முதல் சாமான் வாங்க என்று ராசியான ஆளைத் தேடிக் கூப்பிடுவோம். ஆர்கிட்டுக்கும் கூப்பிட ஆரம்பித்தார்கள். சட்டி நிறைந்துவிட்ட செடியைப் பிரித்து வைப்பதற்கு, பூத்து முடிந்த தண்டை வெட்டுவதற்கு, எல்லாவற்றுக்கும் என் கைதான் வேண்டும் என்றார்கள். வேலை முடிந்த சனி, ஞாயிறுகளில் நான்கு வீடுகளுக்கு மாறி மாறிப் போனேன். தவுக்கே ஒன்றும் சொல்லவில்லை. நான் போய்வந்த வீட்டுக்காரர்கள் மறுவாரம் வந்து புதுச் செடி வாங்கினார்கள்.

அந்த வீடுகளுக்குக் கொண்டுபோக எனக்கென்று ஒரு கத்தி இருந்தது. மரப்பிடி, விரல் நீளம். ஜாசின் பசாரில் வாங்கியது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அதற்குச் சந்தனம் குங்குமம் வைப்பேன். அந்தப் பொட்டு பிடியில் வருடக்கணக்காகப் படிந்து கல் மாதிரி ஆகிவிட்டது.

நர்சரியில் ஒரு சட்டம் உண்டு. நீங்களும் முதல் நாளே கேட்டிருப்பீர்கள். ஒரு செடியை வெட்டிய பிளேடை நெருப்பில் காட்டாமல் அடுத்த செடியில் வைக்கக் கூடாது. நர்சரிக்குள் நான் அதை ஒரு நாளும் மீறியதில்லை. எனக்குக் கீழே இருந்தவர்கள் மீறினால் காது கிழியத் திட்டுவேன். ஆனால் வெளி வீடுகளில் என் சொந்தக் கத்தியை நெருப்பில் காட்டியதே இல்லை. குளிர்ச்சியான கைக்குக் குளிர்ச்சியான கத்தி வேண்டும், சூடு காட்டினால் ராசி போய்விடும் என்று வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. பொட்டு கருகிவிடுமே என்ற கவலையும் இருந்தது. வெட்டி முடித்ததும் ஒரு துணியில் துடைப்பேன். அந்தத் துணியும் ஒரே துணிதான்.

இன்னொரு பழக்கமும் வைத்திருந்தேன். வெளியே கிளம்பும் ஒவ்வொரு நாளும் முதல் வெட்டு என் வீட்டுச் செடியில் விழ வேண்டும். செலண்டாரில் என் வீட்டு வாசலில் ஊதா நிறத்தில் ஒரு பழைய செடி நின்றது. வேலையில் சேர்ந்த வருடம் தவுக்கே தூக்கி எறியச் சொன்னதை நான் எடுத்து வந்து வளர்த்தது. அதில் ஒரு முதிர்ந்த இலையையோ பூத்து முடிந்த தண்டையோ வெட்டிவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன். தொடக்கம் நம் வீட்டிலிருந்து இருக்கட்டும் என்பது என் சாஸ்திரம். தவுக்கே அதை எதற்காக எறியச் சொன்னார் என்று நான் அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

இனி தவமணி.

தவமணியின் வீடு செர்காமில், கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே கிராமத்துக்குப் போகும் ஒரு கம்போங் பாதையில் இருந்தது. என்னைவிட ஆறேழு வயது சின்னவள். அவள் கணவர் லோரி ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விளங்காமல் வீட்டோடு இருந்தார். வீட்டுக்குப் பின்னால் நிழல்வலை கட்டி, அதன் கீழே நூற்று நாற்பது சட்டி ஆர்கிட் வைத்திருந்தாள். வெள்ளையும் ஊதாவும். கோயில் மாலைக்கும் கல்யாண மாலைக்கும் பூத்தண்டு வெட்டி மலாக்கா டவுனில் ஒரு பூக்கடைக்குக் கொடுப்பாள். அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தச் சட்டிகளால்தான். வேறு வருமானம் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஆறு வருடமாக அவள் செடிகளை நான்தான் வெட்டிப் பிரித்து வைத்தேன். நூற்று நாற்பதில் பெரும்பாலானவை என் கையால் பெருகியவை. நான் வந்தால் முதலில் காப்பி கொடுப்பாள், பிறகு சட்டிகளின் முன்னால் ஒரு சூடம் ஏற்றுவாள். சூடத்துக்குப் பக்கத்தில் என் கத்தியை வைப்பாள். பக்கத்தில்தான், மேலே காட்ட மாட்டாள்.

ஒரு நாள் போன் செய்தாள். "அக்கா, இலையில கறுப்பா கோடு விழுதுக்கா. பூவும் ஒரு மாதிரி திட்டுத் திட்டா வருது. பூக்கடை பாய் பாதியத் திருப்பி அனுப்பிட்டாரு."

போய்ப் பார்த்தேன். இலையில் கறுத்து உள்வாங்கிய கோடுகள். ஊதாப் பூவில் நிறம் உடைந்து வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "கடல் காத்து" என்றேன். "உப்பு படுது. இந்தப் பக்கம் ஒரு தடுப்பு கட்டு." கறுத்த இலைகளை எல்லாம் என் கத்தியால் வெட்டி எடுத்தேன். ஒரு சட்டியிலிருந்து அடுத்த சட்டிக்கு, வரிசையாக, மிகவும் பொறுப்பாக.

தடுப்பு கட்டினாள். கணவரால் எழுந்து உதவ முடியாது, அவளே மரம் அறுத்துக் கட்டினாள். புதிதாக வந்த இலை கொஞ்ச நாள் சுத்தமாக இருந்தது. பிறகு அதிலும் கோடு விழுந்தது.

இரண்டாம் தடவை போனபோது, பின்வாசலில் மீன் கழுவிய தண்ணீரை அவள் செடிக்கு ஊற்றுவதைப் பார்த்துவிட்டேன். செர்காமில் மீனுக்குப் பஞ்சமில்லை. எனக்கு ஜாசின் போலீஸ்காரர் ஞாபகம் வந்தார். குற்றவாளி கிடைத்துவிட்டாள்.

"இத ஊத்துறியா? உனக்கு அறிவிருக்கா தவமணி? மீன் தண்ணிய ஊத்தினா செடி என்னத்துக்கு ஆகும்? நான் கட்டி வளத்து வச்சிட்டுப் போவேன், நீ கெடுத்து வைப்ப!"

அவள் கணவர் முன்னால்தான் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "தெரியாமப் போச்சுக்கா. இனிமே ஊத்தல." அன்றைக்கும் கறுத்த இலைகளை வெட்டிவிட்டுத்தான் வந்தேன்.

மூன்றாம் தடவை, இலைப்பேன் என்று சொல்லி மருந்தடிக்க வைத்தேன். கண்ணாடி போட்டுத் தேடியும் ஒரு பேன்கூட எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அதற்கு மேல் சொல்வதற்கு என்னிடம் வேறு காரணம் இல்லை. கைராசிக்காரி "தெரியவில்லை" என்று சொல்ல முடியாது. சொல்லலாம் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

உண்மையைக் கண்டுபிடித்தவருக்குச் செடியைப் பற்றி ஒன்றும் தெரியாது. டவுனில் பூக்கடை வைத்திருந்த அதே பாய்தான். நாகூர்ப் பக்கத்திலிருந்து அவருடைய பாட்டனார் வந்து போட்ட கடை. நான் வேறு வேலையாக டவுனுக்குப் போனவள், மாலை ஒன்று வாங்க அவர் கடையில் நின்றேன். தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. அவர் நாரில் பூவைக் கோத்துக்கொண்டே என்னைப் பார்க்காமல் பேசினார்.

"நர்சரி அக்கா, எனக்குச் செடி தெரியாது. பூ தெரியும்."

"சொல்லுங்க பாய்."

"எனக்குப் பதினோரு வீட்டுலருந்து பூ வருது. அதுல நாலு வீட்டுப் பூவுலதான் இந்தத் திட்டு. செர்காம் தவமணி, பெம்பான்ல ஒரு வீடு, ஜாசின்ல ரெண்டு. ஒண்ணு கடல் பக்கம், ஒண்ணு தோட்டத்துப் பக்கம். தண்ணி வேற, காத்து வேற. என்னடா இதுன்னு நானும் யோசிச்சேன்."

"ம்."

"நாலு வீட்டுக்கும் பொதுவா ஒண்ணே ஒண்ணுதான் போகுது லா." பூவைக் கோத்து முடித்து நாரை இழுத்துக் கட்டினார். "நீங்க கோவிச்சுக்காதீங்க. மாலை ஆச்சு, இந்தாங்க."

மாலையை வாங்கிக்கொண்டு வண்டிக்கு வந்தேன். கோவிச்சுக்கொள்ளத்தான் விரும்பினேன். ஆயர் குரோ வரைக்கும் அந்த மனிதரைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன். பூ விற்கிறவனுக்கு நோயைப் பற்றி என்ன தெரியும்? அதற்குப் பிறகு திட்டுவதற்கு வார்த்தை தீர்ந்துவிட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாலு வீடும் நான் போகும் வீடுகள். மற்ற ஏழு வீட்டுக்கும் நான் போனதில்லை.

வைரஸைச் சோதிக்கும் பட்டை நர்சரியில் உண்டு. கோவிட் காலத்தில் மூக்கில் விட்டுப் பார்த்தோமே, அதே மாதிரிதான். இலையைக் கசக்கி, அந்தச் சாற்றில் பட்டையை வைக்க வேண்டும். ஒரு கோடு வந்தால் நல்லது, இரண்டு கோடு வந்தால் நோய். அந்த நோய்க்கு மருந்து கிடையாது. செடியை வைத்திருக்கவும் கூடாது. சாற்றின் வழியாகப் பரவும், அதாவது கத்தி வழியாக. இதெல்லாம் எனக்கு அன்றைக்குப் புதிதாகத் தெரிந்ததில்லை. இருபது வருடமாக மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்.

நான் முதலில் எடுத்தது தவமணி செடியின் இலை இல்லை. என் வாசலில் நின்ற ஊதாச் செடியின் இலை. அதில் எப்போதுமே லேசான கோடுகள் உண்டு. அது அதனுடைய குணம் என்று நினைத்திருந்தேன். பட்டையை மேசையில் வைத்துவிட்டு நின்றேன். இரண்டாவது கோடு சீக்கிரமே வந்தது. தயங்கக்கூட இல்லை.

தவுக்கேயிடம் போய்ச் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மலாயில் சொன்னார், மழை என்று சொல்லிவிடு, ஹூஜான் லா. தீபாவளி முடியட்டும், வியாபாரம் நடக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவர் கெட்டவர் இல்லை. எனக்கும் நர்சரிக்கும் பேர் கெடக் கூடாது என்று நினைத்தார். அவர் சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். மழையென்று சொன்னால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அந்த வருடம் மழையும் நிறைய.

ஆனால் தீபாவளிக்கு மூன்று வாரம் என்றால் தவமணி தினமும் பூத்தண்டு வெட்டுவாள். ஒரே கத்தரியால் வெட்டுவாள். நோயில்லாத சட்டி ஏதாவது மிச்சம் இருந்தால், நான் வாயைத் திறக்காத ஒவ்வொரு நாளும் அதில் ஒன்று போகும். ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து இதைத்தான் யோசித்தேன். கால் மணி நேரம் இருக்கும். அந்தக் கால் மணி நேரத்துக்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். யோசிப்பதற்கு அதில் எதுவுமே இல்லை. சோதனைப் பட்டைப் பெட்டி இரண்டைக் கேட்டேன். தவுக்கே என் முகத்தைப் பார்க்காமல் மூன்றைக் கொடுத்தார்.

நேராகச் செர்காமுக்குப் போனேன். தவமணி வழக்கம்போலக் காப்பி போட்டாள். சூடம் தேடப் போனாள்.

"சூடம் வேணாம் தவமணி. உக்காரு."

உட்கார்ந்தாள். அவள் கணவரும் பின்வாசலில் நாற்காலியில் இருந்தார்.

"உன் செடிக்கு வந்திருக்கிறது வைரஸ். மருந்து இல்ல. நோய் இருக்கிற எல்லாத்தையும் எடுத்துப் போடணும். கொண்டுவந்தது என் கத்தி. என் வீட்டுச் செடியிலருந்து உன் செடிக்கு நான்தான் கொண்டுவந்தேன். நெருப்புல காட்டியிருந்தா வந்திருக்காது. நான் காட்டல."

வண்டியில் வரும்போது இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எத்தனையோ விதத்தில் தயார் செய்து வைத்திருந்தேன். எதுவும் வரவில்லை. நல்லதாகப் போயிற்று.

அவள் சட்டி வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "அப்ப மீன் தண்ணி?"

"மீன் தண்ணியால ஒண்ணுமில்ல."

"கடல் காத்து?"

"அதுவும் இல்ல."

"ஏழு மாசமா மீன் தண்ணிய வாசல்ல கொண்டுபோய் ஊத்துறேன் அக்கா. ஆறு பூனை வந்து நிக்குது. இவரு எல்லாத்துக்கும் பேரு வச்சிருக்காரு." குரல் ஏறவே இல்லை. "தடுப்பு கட்டும்போது சுத்தியல் பட்டு நகம் போச்சு. அதுகூடப் பரவால்ல. இவரு முன்னாடி என்னை அறிவிருக்கான்னு கேட்டீங்க. ராத்திரி எல்லாம் யோசிச்சேன், நாமதானே கெடுத்தோம்னு."

அவள் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மன்னித்துவிடு என்றேன். அவள் எழுந்து, "எங்கருந்து ஆரம்பிக்கணும்?" என்று கேட்டாள்.

இரண்டு நாள் சோதித்தோம். நூற்று நாற்பதில் நூற்று இருபத்தொன்று போயிருந்தது. ஒரு கோடு மட்டும் காட்டியது பத்தொன்பது சட்டி. மேல் தட்டில் வைத்திருந்த வெள்ளை. அவள் கடைசியாக வாங்கியவை. இன்னும் பூக்கும் வயதில்லை, அதனால் அவளுடைய கத்தரியும் அங்கே போகவில்லை. அதற்கு முந்தின வருடம் பிரிக்கலாமா என்று அவள் கேட்டதற்கு, சின்னதாக இருக்கிறது, அடுத்த வருடம் வந்து வெட்டுகிறேன் என்று சொல்லியிருந்தேன். என் கை படாத பத்தொன்பதும் பிழைத்திருந்தன. இதை விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

எரித்தால் புகையைப் பார்த்துக் கேஸ் போடுவார்கள். கறுப்புப் பைகளில் கட்டிக் குப்பை லோரிக்குக் கொடுத்தோம். பாதியில் பூ இருந்தது. தீபாவளிப் பூ. அவள் ஒரு தண்டைக்கூட எடுத்து வைத்துக்கொள்ளவில்லை.

மற்ற மூன்று வீட்டுக்கும் போனேன். பெம்பானில் கேட்டைத் திறக்காமலே கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்கள். அது நியாயம். ஜாசினில் ஒரு வீட்டில் அழுதார்கள், பிறகு பையைக் கொண்டுவந்து சேர்ந்து கட்டினார்கள். கடைசி வீடுதான் மோசம். அந்த வீட்டுக்காரர் நம்பவே மாட்டேன் என்றார். "உங்க கை அப்படிச் செய்யாது அக்கா. யாரோ கண்ணு வச்சிருக்காங்க." எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். பட்டையில் இரண்டு கோட்டைக் காட்டினேன். எலுமிச்சம்பழம் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். அந்தச் செடிகள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. அவர் ஜாசின் போலீஸ்காரர்தான், பிழைத்த அந்த ஒரு செடியிலிருந்து பூ விற்கும் அளவுக்குப் பெருக்கியிருந்தவர். கறிப்பட்டைத் தூள் கொடுத்து அவரை நம்ப வைத்தது நான்தான் என்பதால் இதற்கும் வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை.

தவமணி உம்பாயில் கடல் உணவுக் கடை ஒன்றுக்கு வேலைக்குப் போனாள். மீன் கழுவும் வேலை. இதை நான் கதைக்காகச் சொல்லவில்லை, அந்தப் பக்கத்தில் அவளுக்கு உடனே கிடைத்த வேலை அதுதான். ஒரு தடவை அந்தக் கடைப் பக்கம் வண்டியில் போனபோது, பின்னால் ரப்பர் பூட்ஸ் போட்டுக் குனிந்து நின்றிருந்தாள். நான் நிறுத்தவில்லை. தவுக்கேயிடம் கேட்டு நாற்பது இளஞ்செடி கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். ஆர்கிட் இளஞ்செடி பூக்க இரண்டு மூன்று வருடம் ஆகும் என்று உங்களுக்கு இப்போது தெரியும். அவளுக்கும் தெரியும். காப்பி கொடுத்தாள்.

வெளி வீட்டு வேலையை நான் விட்டுவிட்டேன். அந்தக் கத்தி இப்போது என் சமையலறையில் வெண்டைக்காய் நறுக்குகிறது. நன்றாகத்தான் நறுக்குகிறது.

ஒன்றரை வருடம் கழித்து, நான் ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்தபோது, தவமணி போன் செய்தாள்.

"அக்கா, அந்தப் பத்தொன்பதும் சட்டிய விட்டு வெளிய வந்திருச்சு. பிரிச்சு வைக்கணும். ஞாயித்துக்கிழமை வாங்க."

"நானா?"

"வேற யாரு? கைராசி உங்களுக்குத்தானே இருக்கு."

கிண்டலா, நிஜமா என்று குரலில் தெரியவில்லை. அன்றைக்கு வாசலில் போய் நின்றபோதும் தெரியவில்லை. பூனைகள் படுத்திருந்தன. ஆறு எட்டாகியிருந்தது. பின்வாசலில் பத்தொன்பது சட்டியையும் வரிசையாக இறக்கி வைத்திருந்தாள். ஒரு மேசையில் பிரிக்காத பிளேடு டப்பா. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், சொம்பு, துணி துவைக்கும் சோப்பு, மடித்து வைத்த காகிதத் துவாலைக் கட்டு. சூடம் இல்லை.

"ஒரு சட்டிக்கு ஒரு பிளேடு. முடிச்சதும் இந்த டின்னுல போடுங்க. அப்புறம் கையக் கழுவணும். அப்புறம்தான் அடுத்தது."

அவள் கணவர் நாற்காலியை நன்றாகத் தெரியும்படி திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். இடது கை விரலை மடக்கி எண்ணுவது அவருக்குக் கொடுத்த வேலை.

முதல் சட்டியை எடுத்தேன். வெட்டி, பிரித்து, கரியில் வைத்தேன். பிளேடை டின்னில் போட்டேன். அவள் சோப்பைக் கொடுத்துத் தண்ணீர் ஊற்றினாள். இரண்டாவது. மூன்றாவது. அவள் என் நகக்கண்ணைக் குனிந்து பார்த்தாள், பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம்" என்றாள். தேய்த்தேன். பத்தாவது சட்டியும் முடிந்தது. முதுகு வலித்தது. சோப்பில் கைத்தோல் சுருங்கிப் போயிருந்தது. பதினொன்றாவதற்கு முன், பழைய மிடுக்கு கொஞ்சம் திரும்பி வந்திருக்க வேண்டும், "போதும் தவமணி, கை சுத்தமாத்தான் இருக்கு" என்றேன்.

அவள் சொம்பைக் கீழே வைக்கவில்லை.

"உங்க கை உங்களுக்கு எப்பவும் சுத்தமாத்தான் தெரியும்கா," என்றாள். "நீட்டுங்க."

நீட்டினேன்.